ஷீட் அடிக்கும் முன் சாரம் கட்டுங்கள்

பதிவு நீளம். நாலு வரி படித்துவிட்டு லைக் போட்டு நகர்கிறவர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என்ன செய்தார்கள் என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முழுதாகப் படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

போன வாரம் முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. நம் பள்ளியின் முகப்பு எப்படி மாறப்போகிறது என்று கம்ப்யூட்டரில் வரைந்த படம். சாம்பலும் ஆரஞ்சுமாக ஏ.சி.பி. ஷீட், நடுவில் பள்ளியின் பெயர், இரவில் எரிய எல்.இ.டி. பட்டை. கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். வசூல் பாதிக்கு மேல் வந்துவிட்டதாம். மகிழ்ச்சி. வெளிநாட்டில் இருந்துகொண்டும் படித்த பள்ளியை நினைக்கிறீர்களே, அந்த மனசுக்கு ஒரு கும்பிடு.

ஆனால் அந்தப் படத்துக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "பழைய விரிசல், பாசி, ஒழுகல் கறை எல்லாம் ஒரே அடியில மறைஞ்சிடும் சார்."

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவு. ஆமாம், மறைந்துவிடும். மறைவதுதான் என் ஆட்சேபம்.

காய்ச்சல் என்று போனால் டாக்டர் முதலில் "நாக்கை நீட்டு" என்கிறார். நாக்குக்குச் சாயம் பூசிக்கொண்டு யாரும் டாக்டரிடம் போவதில்லை. கட்டடத்துக்கு வெளிப்பூச்சுதான் நாக்கு. உள்ளே கம்பி துருப்பிடித்தால் வெளியே நேர்க்கோடாக விரிசல் வரும். மொட்டைமாடித் தண்ணீர் சுவருக்குள் இறங்கினால் வெளியே கறை காட்டும். பூச்சுக்கும் செங்கல்லுக்கும் பிடிப்பு விட்டால் சுவர் லேசாக உப்பும். கைப்பிடிச் சுவர் இடுக்கில் அரசஞ்செடி முளைத்தால், அங்கே வேர் இறங்கும் அளவுக்கு ஈரமும் பிளவும் இருக்கிறது என்று அர்த்தம். சுவர் இத்தனையும் சொல்லிக்கொண்டிருக்கும்போது அதன் வாயில் ஷீட்டை வைத்து அடைக்கப் போகிறோம்.

"சும்மா பூச்சு தானே சார், விழுந்தா கொஞ்சம் மண்ணு உதிரும்" என்று ஒரு தம்பி போனில் சொன்னார். அவர் என்னிடம் பிளஸ் டூ இயற்பியல் படித்தவர். அதனால் கணக்காகவே சொல்கிறேன். 1 மீட்டருக்கு 1 மீட்டர், 20 மில்லிமீட்டர் கனமுள்ள சிமெண்ட் பூச்சின் எடை ஏறக்குறைய 40 கிலோ. நம் முகப்பின் கைப்பிடிச் சுவர் தரையிலிருந்து 6 மீட்டருக்கு மேலே இருக்கிறது. 6 மீட்டரிலிருந்து எது விழுந்தாலும் 1.1 நொடியில் தரையைத் தொடும். தொடும்போது வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர். அண்ணாந்து பார்த்து விலகுவதற்கு ஒரு குழந்தைக்கு 1.1 நொடி போதாது. அந்த நீளமான சன்ஷேடின் கீழே தினமும் காலையில் பிரார்த்தனைக்கு நிற்பது ஆறாம் வகுப்பு. நீங்களும் அங்கேதான் நின்றீர்கள்.

ஸ்ரீரங்கத்தில் நடந்ததை அதற்குள் மறந்துவிட்டீர்களா? 2023 ஆகஸ்ட் 5, சனிக்கிழமை. நள்ளிரவு தாண்டிய நேரத்தில் கிழக்கு வாசல் கோபுரத்தின் முதல் நிலைக் கொடுங்கை இடிந்து விழுந்தது. அதன் கீழேதான் ஜனங்களும் வண்டிகளும் போய்வருகிற வழி. அந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் இல்லாததால் யாருக்கும் காயமில்லை. பெருமாள் காப்பாற்றினார் என்று சொன்னோம். சரி, காப்பாற்றினார். ஆனால் விரிசல் அதற்கு முன்பே தெரிந்திருந்தது. கட்டைகளை நிறுத்தி முட்டும் கொடுத்திருந்தார்கள். கண் பார்த்துவிட்டது, கை போகவில்லை. பார்த்ததற்கும் சரிசெய்வதற்கும் நடுவில் கொடுங்கை தன் வேலையை முடித்துக்கொண்டது. அதே விரிசலின் மேல் பளபளவென்று ஒரு ஷீட் அடித்திருந்தால் முட்டுக்கட்டை வைக்கக்கூட யாருக்கும் தோன்றியிருக்காது.

இனி நீங்கள் எனக்குச் சொன்ன பதில்களுக்கு வருகிறேன். ஒவ்வொன்றாக.

முதல் பதில்: "இன்ஜினியர் சர்டிபிகேட் இருக்கு சார்."

இருக்கிறது. தனியார் பள்ளி அங்கீகாரம் புதுப்பிக்கக் கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் வேண்டும். நான் பல வருஷம் அந்தக் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் உறுதிச் சான்று கொடுக்க வந்தவர் தலைமை ஆசிரியர் அறையில் உட்கார்ந்தார். வடை சாப்பிட்டார், காபி குடித்தார், வராந்தாவில் நின்று ஒருமுறை அண்ணாந்து பார்த்தார், கையெழுத்துப் போட்டார். மொட்டைமாடிக்கு ஏறவில்லை. பின்பக்கச் சுவர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஒழுங்காகச் செய்கிற இன்ஜினியர்களும் உண்டு. உங்களிலேயே இருக்கிறீர்கள். அதனால்தான் கேட்கிறேன்: தரையில் நின்று அண்ணாந்து பார்த்ததை நீங்கள் பரிசோதனை என்று ஒத்துக்கொள்வீர்களா?

நம் ஊரில் மண்பானை வாங்குகிறவர் தட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறார். தேங்காயைத் தட்டுகிறோம். பலாப்பழத்தைத் தட்டுகிறோம். நூறு ரூபாய்ப் பொருளுக்கு இருக்கிற மரியாதை, ஐந்நூறு பிள்ளைகள் தினமும் கீழே நடக்கிற சுவருக்கு இல்லை. பூச்சு கெட்டியாகப் பிடித்திருந்தால் சின்னச் சுத்தியலால் தட்டும்போது சத்தம் கணீரென்று வரும். பிடிப்பு விட்டிருந்தால் உள்ளே காற்று அடைத்த மாதிரி டொப்பு டொப்பு என்று கேட்கும். எந்தக் கொத்தனாருக்கும் இது தெரியும். இதற்குப் பெரிய மெஷின் வேண்டாம். சாரம் கட்டி மேலே ஏற ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது பதில்: "ஷீட் போட்டா அதுவே பூச்சைத் தாங்கிப் பிடிச்சுக்கும் சார்."

தாங்காது. ஷீட்டைத் தாங்குவதற்கே சுவர் வேண்டும். சுவரில் ஓட்டை போட்டு ஆங்கிள் அடித்து, அதன் மேல் சட்டம் கட்டி, அதில்தான் ஷீட்டை மாட்டுகிறார்கள். பிடிப்பு விட்ட பூச்சில் டிரில் போட்டால் அது இன்னும் விடும். அது ஒன்று. வெயிலில் அலுமினியம் நீள்வது கான்கிரீட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 3 மீட்டர் ஷீட் 30 டிகிரி சூடேறினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். சாயங்காலம் ஆறினால் சுருங்கும். திருச்சி வெயிலில் இது தினமும் நடக்கும். இடைவெளி சரியாக விட்டு மாட்டாத ஷீட்டின் திருகுகள் இப்படித்தான் தளர்கின்றன. அதன் பிறகு காற்று. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். முக்கொம்புப் பக்கம் ஆற்றின் மேலிருந்து வருகிற ஆடிக் காற்றைப் பார்த்தவர்கள் அதைப் பழமொழி என்று தள்ளிவிட மாட்டார்கள். தளர்ந்த ஷீட்டுக்கு அந்தக் காற்றில் ஒரு மூலை கிளம்பினால் போதும்.

அடுத்தது தீ. விலை குறைந்த ஷீட்டில் இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே இருப்பது பாலிஎத்திலீன், கேரிபேக் செய்கிற பிளாஸ்டிக். அதைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி மாட்டும்போது நடுவில் ஓர் இடைவெளி உண்டாகிறது. தீ பிடித்தால் அந்த இடைவெளி புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்புக்கு இப்படிப் பிளாஸ்டிக் வைத்த அலுமினிய ஷீட்டால் புது முகம் கொடுத்தார்கள். 2016-ல் வேலை முடிந்தது. 2017 ஜூன் 14 அதிகாலை, நாலாவது மாடியில் ஒரு சமையலறையில் ஃப்ரிட்ஜ் பக்கம் பிடித்த தீ ஜன்னல் வழியாக வெளியேறி, ஷீட்டைப் பற்றி, அரை மணி நேரத்துக்குள் உச்சிக்குப் போய்விட்டது. 72 பேர் செத்தார்கள். 2024 செப்டம்பரில் வந்த விசாரணை அறிக்கை, அத்தனை சாவும் தவிர்த்திருக்கக் கூடியவை என்றது. அங்கே குடியிருந்தவர்கள் பாதுகாப்பு சரியில்லை என்று பல காலமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் "எதிர்மறையாகப் பேசுகிறவர்கள்" என்றுதான் ஒதுக்கியிருப்பார்கள்.

நம் பள்ளி 24 மாடி இல்லைதான். ஆனால் நீங்கள் போட்டிருக்கிற படத்தில் ஷீட்டுக்குப் பின்னால் எல்.இ.டி. வயர் ஓடுகிறது. அணிலும் எலியும் கடிக்கிற வயர். அதற்கு நேர் மேலே வேதியியல் ஆய்வகத்தின் ஜன்னல். தீயைத் தாங்கும் வகை ஷீட்டும் கடையில் கிடைக்கிறது. எது வாங்கப் போகிறீர்கள் என்று குழுவில் கேட்டேன். "கொட்டேஷன்ல கம்மியா இருந்தது" என்று பதில் வந்தது. போதும், புரிந்துவிட்டது.

மூன்றாவது பதில்: "கட்டடத்துக்கு வயசாயிடுச்சு சார், அதான்."

இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு நம் முக்கொம்புதான் ஞாபகம் வருகிறது. 2018 ஆகஸ்ட் 22 இரவு. மேட்டூர் நிரம்பி வந்த வெள்ளத்தில் மேலணையின் கொள்ளிடப் பக்கத்து 45 மதகுகளில் ஆறாவதிலிருந்து பதினாலாவது வரை 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. 1836-ல் ஆர்தர் காட்டன் காலத்தில் எழுந்த கட்டுமானம். உடனே ஒரு பதில் தயாராக வந்தது: வயசாகிவிட்டது. ஆற்று மணலை அள்ளியதுதான் காரணம் என்று விவசாயிகள் சொன்னார்கள். இரண்டு பக்கமும் பேசினார்கள். நான் கேட்டது ஒரே கேள்வி: கடைசியாக யார், எந்தத் தேதியில், அந்த மதகின் அடிவரை இறங்கிப் பார்த்தார், என்ன எழுதிவைத்தார், அதைப் பொதுஜனம் எங்கே படிக்கலாம்? இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. பதிலுக்குப் பதிலாக, பக்கத்திலேயே 387.60 கோடி ரூபாயில் புதிய கதவணை கிடைத்தது.

வயசு ஒரு குற்றம் என்றால் கிழக்கே போனால் இருக்கிற கல்லணை எப்போதோ போயிருக்க வேண்டும். கரிகாலன் பெயரைச் சொல்லிக்கொண்டு இன்னும் நிற்கிறது என்றால், ஒவ்வொரு காலத்திலும் யாரோ இறங்கிப் பார்த்தார்கள், கல்லைச் சேர்த்தார்கள், பழுது பார்த்தார்கள். எனக்கும்தான் வயசாகிவிட்டது. அதற்காக என்னை ஷீட் போட்டு மூடிவிடுவீர்களா? வருஷத்துக்கு ஒருமுறை ரத்தம் பரிசோதிக்கச் சொல்கிறீர்களே, அதே கரிசனத்தைச் சுவருக்கும் காட்டுங்கள்.

நான்காவது பதில்: "இதெல்லாம் ஃபாரின்ல சார், நம்ம ஊருக்கு ஒத்து வராது."

சிங்கப்பூரில் இருக்கிற பிள்ளைகளே, நீங்களே சொல்லுங்கள். 2022 ஜனவரி முதல் அங்கே சட்டம். 20 வருஷம் தாண்டிய, 13 மீட்டருக்கு மேல் உயரமான கட்டடங்களின் வெளிமுகத்தை 7 வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். முழுச் சுவரையும் கண்ணால் பார்க்க வேண்டும். அதோடு ஒவ்வொரு பக்கத்திலும் குறைந்தது பத்தில் ஒரு பங்கைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். நியூயார்க்கில் 1979-ல் கட்டடத்திலிருந்து பெயர்ந்து விழுந்த துண்டு, கீழே நடந்துபோன ஒரு கல்லூரி மாணவியைக் கொன்றது. அடுத்த வருஷமே சட்டம் வந்தது. 6 மாடிக்கு மேல் இருந்தால் 5 வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதனை. மும்பையில்கூட 30 வருஷம் தாண்டிய கட்டடங்களுக்கு உறுதித் தணிக்கை உண்டு.

ஃபாரின் வேண்டாமா? நம் கோயிலுக்கே வாருங்கள். 12 வருஷத்துக்கு ஒருமுறை திருப்பணி என்று வைத்தார்களே, அது என்ன? கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டுவது, ஒவ்வொரு சுதைச் சிற்பத்தின் பக்கத்திலும் ஆள் போவது, விட்டுப்போனதைச் செதுக்கி எடுத்துப் புதுச் சுதை வைப்பது, செடி கொடியை வேரோடு எடுப்பது, கடைசியில்தான் வர்ணம், அதற்கும் பிறகுதான் கும்பாபிஷேகம். வெளிச்சுவர் பரிசோதனையை விரதம் மாதிரி நாள் குறித்து வைத்த ஊர் இது. வரிசையைக் கவனியுங்கள்: சாரம் முதலில், வர்ணம் கடைசியில். நாம் முதலைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கடைசியை மட்டும் வைத்துக்கொண்டோம். ஸ்ரீரங்கத்தில் 2015-ல் கும்பாபிஷேகம் நடந்தது. 8 வருஷத்தில் கிழக்குக் கொடுங்கை விழுந்தது. 12 வருஷக் கணக்கை நம்பிச் சும்மா இருக்க முடியாது என்பதற்கும் அதுவே சாட்சி. நடுவில் கண்ணில் படுகிற விரிசலுக்கு அடுத்த கும்பாபிஷேகம் வரை தவணை கிடையாது.

நம் ஊர் வழக்கத்தில் கட்டும் முன் அனுமதி, கட்டி முடித்தால் நிறைவுச் சான்று. கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு வெளிச்சுவர் அநாதை. தில்லைநகரில் ஃபிளாட் வாங்கிய என் அக்கா மகனுக்கு இது தெரியும். மூன்றாவது மாடிச் சுவரிலிருந்து ஒரு டைல் பெயர்ந்து அவன் ஸ்கூட்டர் சீட்டைக் கிழித்தது. அசோசியேஷன் கூட்டத்தில் என்ன முடிவெடுத்தார்கள் தெரியுமா? ஸ்கூட்டரை வேறு இடத்தில் நிறுத்தச் சொன்னார்கள். டேய், மாப்பிள்ளை, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அடுத்த கூட்டத்தில் மீதி டைல்களைத் தட்டிப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடு. அம்மாவிடம் நான் சொல்லிவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே.

செத்த பிறகு பார்ப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. 2021 டிசம்பர் 17, திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் மாநிலம் முழுக்கப் பள்ளிக் கட்டடங்களைப் பார்த்தார்கள், பழசை இடித்தார்கள். அந்தச் சுவர்கள் டிசம்பர் 16-ம் தேதியும் அங்கேதான் நின்றன. பார்ப்பதற்கு அந்த மூன்று பிள்ளைகளும் போக வேண்டியிருந்ததா? ஒரு வாத்தியாராக இந்தக் கேள்வியை என்னால் விட முடியவில்லை.

ஆகவே, அழகுபடுத்துவதை நான் எதிர்க்கவில்லை. வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன். குழுவின் பொறுப்பாளர்களுக்கு என் கோரிக்கை இது:

1. காலாண்டு விடுமுறையில் முகப்பு முழுக்கச் சாரம் கட்டுங்கள். பின்பக்கத்தையும் விடாதீர்கள். பிள்ளைகள் சைக்கிள் விடுவது அங்கேதான்.

2. ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரும் அனுபவமுள்ள ஒரு கொத்தனாரும் சேர்ந்து ஏறட்டும். ஒவ்வொரு அடியாகத் தட்டட்டும். டொப்பு சத்தம் வருகிற இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டுப் போட்டோ எடுக்கட்டும். நம்மிடம் சாக்பீஸுக்குப் பஞ்சமில்லை.

3. விரிசல்களுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டித் தேதி எழுதுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துக் கண்ணாடி உடைந்திருந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது. அப்படி இருந்தால் பூசி மூடாமல் காரணத்தைத் தேடுங்கள்.

4. சன்ஷேடின் அடிப்பக்கத்தைத் தனியாகப் பாருங்கள். கம்பி வெளியே தெரிகிற இடங்களில் துரு நீக்கி, தேவையானால் அந்தத் துண்டையே இடித்துப் புதிதாகப் போடுங்கள். அதுவரை அதன் கீழே கயிறு கட்டி, பிரார்த்தனையை மைதானத்துக்கு மாற்றுங்கள். இதற்கு நாளைக்கே ஒரு ரூபாய்கூட ஆகாது.

5. அறிக்கையை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். பார்த்தவர் பெயர், தேதி, அடுத்துப் பார்க்க வேண்டிய தேதி எல்லாம் இருக்கட்டும். பெற்றோர் படிக்கட்டும்.

6. இதெல்லாம் முடிந்து பணம் மிஞ்சினால் வெள்ளையடியுங்கள். வெள்ளைச் சுவரில் அடுத்த விரிசல் நன்றாகத் தெரியும். ஷீட்தான் வேண்டும் என்று ஓட்டு விழுந்தால், தீயைத் தாங்கும் வகை என்பதற்கான சோதனைச் சான்றை வாங்கிக் குழுவில் போடுங்கள். அங்கங்கே கழற்றிப் பின்னால் பார்க்கிற மாதிரி மாட்டச் சொல்லுங்கள்.

சாரத்துக்கும் கூலிக்கும் ஆகிற தொகை, நீங்கள் ஷீட்டுக்கு ஒதுக்கியதில் நாலில் ஒரு பங்குகூட வராது என்று இரண்டு மேஸ்திரிகள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். தெரியாதவர்களிடம் கேட்கவில்லை. இருவரும் நம் பள்ளியில் படித்தவர்கள்தான். ஒருவர் மதிப்பெண் பட்டியலில் உங்கள் யாருக்கும் ஞாபகம் இருக்க மாட்டார். ஆனால் நம் சுவரில் எங்கே பூச்சு விட்டிருக்கும் என்று வாசலில் நின்றபடியே அவர் கைகாட்டிச் சொன்னார்.

"சார் எப்பவும் குறை சொல்லுவார்" என்று சிலர் பேசிக்கொள்வது காதில் விழுந்தது. நாற்பது பேர் விடைத்தாளில் சிவப்பு மையால் குறை சொல்லித்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இப்போது பென்ஷனும் அதற்குத்தான்.

என் பங்காக 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்தேன். அது சாரத்துக்கு. சாரம் கட்டுகிற அன்று நேரில் வந்து கொடுக்கிறேன். ஷீட்டுக்கு என்றால் என்னிடம் காலணா கிடையாது.

ஒப்புக்கொள்கிறவர்கள் "சாரம்" என்று ஒரு வார்த்தை கமெண்டில் போடுங்கள். ஒப்புக்கொள்ளாதவர்கள் காரணத்தோடு எழுதுங்கள், பதில் சொல்கிறேன். பகிர்கிறவர்கள் உங்கள் அப்பார்ட்மெண்ட் குழுவிலும் பகிருங்கள்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்,
முக்கொம்பு.